பீடர்மையர் மரச்சாமான்களில் தூசி எடுப்பது எப்படி

பெர்லினின் நிகோலாய்ஃபியர்டல் பகுதியில் உள்ள க்னோப்லௌஹ் இல்லம் 1761-இல் கட்டி முடிக்கப்பட்டது. பீடர்மையர் காலத்தில் (1815–1848) வசதியான நகரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை இன்று அருங்காட்சியகமாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் தூசித் துணியை முதலில் தூக்கிப் போடுங்கள்.

அக்கால அலமாரி பெரும்பாலும் பைன் மரம். அதன்மேல் மகோகனி, செர்ரி அல்லது பிர்ச் மரத்தின் வெனீரை, அதாவது மெல்லிய மரத் தகட்டை, விலங்குப் பசையால் ஒட்டி, ஷெல்லாக் (அரக்கு) மெருகு ஏற்றியிருப்பார்கள். பசை விட்ட ஓரத்தில் துணியின் நூல் மாட்டினால் சில்லு பெயர்ந்து வந்துவிடும்.

அதனால் தொடுவதற்கு முன் டார்ச்சைப் பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தூக்கிய ஓரங்கள் நிழல் போடும். நகத்தால் மெல்லத் தட்டினால், பசை விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அது மரவேலை நிபுணரின் வேலை.

மற்ற இடங்களுக்கு மிருதுவான ஆட்டுமுடி பிரஷ் போதும். அதன் உலோகப் பட்டையில் பருத்தி நாடா சுற்றுங்கள், இல்லாவிட்டால் கீறும். மறு கையில் வாக்குவம் கிளீனர் குழாய்: வாயில் வலை கட்டி, மிகக் குறைந்த இழுவிசையில், பரப்பைத் தொடாமல். மேலிருந்து கீழாக, மர ரேகையின் போக்கிலேயே தூசியைக் குழாய்ப் பக்கம் தள்ளுங்கள். சில்லு விழுந்தால் உறையிலிட்டு எந்த இழுப்பறை, எந்த மூலை என்று எழுதி வையுங்கள்.

ஈரத்துணி வேண்டாம், வெளுத்த திட்டு படியும். ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைக்கும். பார்வையாளர் கையிலிருந்து சொட்டும் ஒரு துளி சானிடைசரே தழும்பாகிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே அடித்த இடத்தில் பின்னால் புது மெருகு சரியாகப் பிடிக்காது. பித்தளைச் சாவித்துளைத் தகட்டை அங்கேயே பாலிஷ் போட்டுத் தேய்த்தால், வெள்ளைக் கசடு இடுக்கில் தங்கும், சுற்றியுள்ள மெருகும் போகும்.

குளிர்காலம்தான் பெரிய சோதனை. வெளியே −5 டிகிரியில் இருக்கும் காற்றை உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். பைன் சுருங்கும், வெனீர் வெடிக்கும். ஆகவே அறையை 15–16 டிகிரியில் வைத்து, ஈரப்பதமூட்டியால் 45–55 சதவீதத்தைக் காப்பாற்றுங்கள்.

மேல்பரப்புகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். செங்குத்துப் பரப்புகளை ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் தொட வேண்டாம்.