ஓட்டுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டாம்: உள்ளூராட்சியில் இணையம் வழியே கருத்துச் சொல்வது எப்படி?

புது நாட்டில் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒழுங்காகும்வரை உள்ளூராட்சி மன்றம் நம் நினைவுக்கே வராது. குப்பை எடுக்கும் நாளைப் பார்க்கத்தான் அதன் இணையதளத்துக்குப் போவோம். அதே தளத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கென்று ஒரு பகுதி இருக்கும். நூலக நேரத்தைக் குறைப்பதா, தெருவில் சைக்கிள் பாதை போடுவதா என்பதையெல்லாம் முடிவெடுக்கும் முன் அங்கேதான் கேட்கிறார்கள்.

குடியுரிமை இல்லையே என்று தயங்காதீர்கள். பெரும்பாலும் அந்த ஊரில் குடியிருந்தாலே போதும். பாரிஸ் நகரம் 2014 முதல் தன் பட்ஜெட்டில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று மக்களிடமே வாக்கெடுக்கிறது. எந்த நாட்டவராக இருந்தாலும் அங்கே வசிப்பவர் வாக்களிக்கலாம்.

பழகிக்கொள்ள எளிய வழி, தெருவில் உள்ள குறையைச் சொல்வது. பிரிட்டனில் 2007 முதல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைத் தட்டி, பள்ளம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, படத்தை ஏற்றினால் உரிய மன்றத்துக்கு அதுவே அனுப்பிவிடும்.

அப்புறம் கட்டட அனுமதி. நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். இங்கிலாந்தில் பக்கத்து வீட்டார் மாடி எழுப்ப விண்ணப்பித்தால், கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் கிடைக்கும். வரைபடங்கள் இணையத்திலேயே இருக்கும். “எங்கள் வீட்டு விலை இறங்கிவிடும்” என்று எழுதினால் எடுபடாது. அனுமதி கொடுப்பதில் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளிச்சம் மறைவது, அந்தரங்கம் போவது, போக்குவரத்து நெரிசல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். “மேல்மாடிப் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து எங்கள் படுக்கையறை நேராகத் தெரியும், அதற்கு மங்கலான கண்ணாடி போடச் சொல்லுங்கள்.” இவ்வளவு போதும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேர் நகலெடுத்து அனுப்புவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலில் நடப்பதை எழுதினால்தான் அதிகாரிக்குப் புதிதாக ஏதாவது தெரியவரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டிக் கொடுங்கள். பேருந்து நிறுத்தத்தில் இருக்கை இல்லாத கஷ்டம் அவர்களுக்குத்தானே தெரியும்!

ஒரு எச்சரிக்கை: இப்படி எழுதுவது பல இடங்களில் பெயருடன் பொதுவில் வெளியாகும். தொலைபேசி எண், பிள்ளைகளின் விவரம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். மன்றத்தின் தளத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு வசதி இருந்தால் இன்றே பதிந்துவிடுங்கள். கடைசி நாள் முடிந்தபின் வரும் கருத்து கணக்கில் சேராமலே போகலாம்.