காரைக்கால் கொள்ளுத்தாத்தாவைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் தேடுவது எப்படி?

பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி காரைக்கால்காரர்களுக்கு உண்டு. பிரெஞ்சு நிர்வாகம் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 'எத்தா சிவில்' எனப்படும் குடிமைப் பதிவேடுகளில் எழுதி வைத்தது. 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் பலவற்றின் படங்களை, பிரான்சின் எக்ஸான்புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகள் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியிருந்தும் பலர் 'எங்கள் தாத்தா பேரே இல்லை' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பேர் இருக்கும். தேடிய ஊரோ எழுத்தோதான் தவறாக இருக்கும்.

தளத்தைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். தெரியவேண்டியவை மூன்று: உத்தேச ஆண்டு, கிராமம், தகப்பன் பேர். ஆண்டை நேராகக் கேட்டால் யாருக்கும் வராது. "1954 நவம்பர் 1, பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறினப்போ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தீங்களா, கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேளுங்கள். "உங்க அப்பா தவறினப்போ வீட்டுல கைக்குழந்தை யாரு?" என்று இன்னும் பின்னால் போகலாம். மாதத்துக்கு மாங்கனித் திருவிழா நல்ல அடையாளம். ஆனி என்று தானாக வந்துவிடும். யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சின்னப்பா' என்றால் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சித்தியின் கணவராகவும் இருக்கலாம். எந்த வழி என்று அப்போதே கேட்காவிட்டால் கிளை மாறிப்போகும். போனில் ஒலிப்பதிவு செய்வதானால் ஒரு தடவைக்கு ஒருவரோடு நிறுத்துங்கள். நாலு பேர் சேர்ந்தால் கேட்பதற்கு இனிமைதான், எழுதி எடுக்க முடியாது.

அடுத்தது ஊர். பதிவேடுகள் கொம்யூன் (பிரெஞ்சு நகராட்சிப் பிரிவு) வாரியாகப் பிரிந்திருக்கும். 1880இல் காரைக்கால் பகுதியில் மூன்று கொம்யூன்கள்: காரைக்கால், நெடுங்காடு, 'கிராந்த் அல்தே'. இந்தக் கடைசிப் பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'பெரிய ஊர்' என்று பொருள் தரும் அது திருமலைராயன்பட்டினத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பேர். பின்னர் கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு ஆகியவை தனிக் கொம்யூன்கள் ஆயின. அதனால் திருநள்ளாற்றுக் குடும்பத்தின் பழைய பதிவு அந்தப் பேரில் கிடைக்காவிட்டால் மற்ற கொம்யூன்களையும் புரட்டுங்கள்.

எழுத்துக்கு வருவோம். எழுதியவர்கள் காதில் விழுந்த தமிழைப் பிரெஞ்சு ஒலிமுறையில் எழுதினார்கள். 'உ' ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகள். முருகன் எம்-ஓ-யூ என்று தொடங்குவான். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் ஆங்கில இசட் (z) போல அதிர்ந்துவிடும் என்பதால், வீராசாமியில் இரட்டை எஸ். லட்சுமியின் 'ட்ச' டி-சி-எச். ஒரே ஆளின் பேர் திருமணப் பதிவில் ஒரு மாதிரியும் இறப்புப் பதிவில் வேறு மாதிரியும் இருப்பது சாதாரணம். நாலைந்து வடிவங்களை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

திருமணப் பதிவிலிருந்து தொடங்குவது லாபம்; இரு பக்கத்துப் பெற்றோரும் ஒரே பக்கத்தில் கிடைப்பார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படிக்க வேண்டாம். பத்தாண்டு அட்டவணை (பத்து ஆண்டுப் பதிவுகளுக்கான பெயர்ப் பட்டியல்) இருந்தால் முதலில் அது, இல்லையேல் அந்த ஆண்டுப் பதிவேட்டின் கடைசியில் உள்ள பெயர்ப் பட்டியல். தேதிகள் எண்ணில் இருக்காது, பிரெஞ்சுச் சொற்களில் இருக்கும். ஒன்று முதல் நூறு வரை எண்களையும் மாதப் பேர்களையும் கற்றுக்கொண்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது. பிறப்புப் பதிவின் முதல் வரியில் வரும் தேதி பதிவு செய்த நாள். பிறந்த நாள் உள்ளே இருக்கும். டிசம்பர் கடைசியில் பிறந்த பிள்ளையை அடுத்த ஆண்டிலும் தேடுங்கள்.

குடும்பப் பேர் திடீரென்று முளைத்திருந்தால் 1881 செப்டம்பர் 21 ஆணையை நினைவில் வையுங்கள். அதன்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு பேரும் தம்பி ஒரு பேரும் எடுத்திருக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறையை அந்தப் பேரில் தேடுவது வீண்.

கிடைத்த பக்கத்தைப் படமாக இறக்கி, ஆண்டு, கொம்யூன், பதிவு எண், பேர் என்ற வரிசையில் கோப்புக்குப் பேர் வையுங்கள். பதிவு எண் இல்லாத படத்தை மறுபடி தேடி எடுப்பது தலைவலி. வீட்டுப் புகைப்படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறம் பேர் எழுத மென்மையான பென்சில்தான், பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முகத்தில் தடம் விழும். பழைய பதிவுகளில் சாதியும் எழுதியிருக்கும். உறவினர் குழுவில் போடும் முன் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி இரண்டையும் போடவே வேண்டாம்.

காரைக்காலில் ஒருவரின் பிறப்பு இருந்து, திருமணமும் இறப்பும் இல்லையென்றால் கப்பலேறியிருக்கலாம். அதே தளத்தில் இந்தோசீனா பகுதியைத் திறந்து, இன்றைய வியட்நாமில் உள்ள சைகோன் நகரின் பதிவேடுகளைப் பாருங்கள். 1860களில் கூலி ஒப்பந்தத்தில் போனவரானால் ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் பதிவேடுகள். அங்கே பேர் இன்னும் ஒரு தடவை திரிந்திருக்கும்.