குவாண்டமும் உயிரும்: கட்டுரைப் போட்டிக்கு முதன்முறையாக எழுதுவோருக்கு ஒரு செய்முறை

உயிருள்ளவற்றுக்குள் குவாண்டம் பௌதிகவியலுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தலைப்பாகக் கொண்ட அனைத்துலகக் கட்டுரைப் போட்டி அறிவித்தல்களைக் காணும்போது நமது மாணவர்களில் பலர் "இது பேராசிரியர்களுக்கு உரியது" என்று கடந்துபோகிறார்கள். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறையின் பெரிய கேள்விகள் இன்னும் தீராதவை. அவற்றைத் தொடுவதற்குத் தேவையான கணக்குகளில் பாதி உயர்தரப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாழைச்சேனையிலோ களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து ஒரு பிள்ளை இதை எழுத முடியும், எழுதவும் வேண்டும். எப்படி எழுதலாம் என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். ஆறு வாரமாவது கையில் இருக்கும்படி தொடங்குங்கள்.

முதற்படி: அறிவித்தலைப் பேனாவோடு வாசியுங்கள்

அறிவித்தலை அச்சிட்டு எடுத்து, விதிகளின் கீழ் கோடிடுங்கள். வயதெல்லை, மொழி, நீளம் ஆகியவை முதலில். நீளத்தைச் சொற்களில் கேட்கிறார்களா, எழுத்துகளில் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டியென்றால் கட்டுரைக்குள் மட்டுமன்றிக் கோப்பின் பெயரிலும் அதன் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது பற்றிய விதியைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள்.

முடிவுத் திகதியை இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதிவையுங்கள். கிறீனிச் நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 5.29. நியூயோர்க் நேரம் என்றால், அங்கே கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு மறுநாள் காலை 9.29, மற்ற மாதங்களில் 10.29.

பணம் கட்டினால் உங்கள் கட்டுரையைப் புத்தகத்தில் சேர்ப்போம் என்று வரும் அழைப்புகளை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துக்கொள்ளுங்கள்

எழுதத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலைகளில் இதுவே முதன்மையானது. ஒரு கொப்பியின் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்.

முதற் பகுதியில் பரிசோதனைகள் நன்கு தாங்கி நிற்பவற்றை எழுதுங்கள். ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா ஒன்றைக் கடுமையாகக் குளிரூட்டியபோதும் அதற்குள் இலத்திரன் இடமாற்றம் நிற்கவில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே வெப்பநிலை இறங்க இறங்க அதன் வேகமும் குறையவில்லை. 1966 இல் டெவோல்ட், சான்ஸ் என்ற இருவரும் இதைக் காட்டினார்கள். வெப்பத்தின் உதவியோடு சக்தித் தடையைத் தாண்டுவதாக இருந்தால் குளிரில் வேகம் சரிந்துகொண்டே போயிருக்க வேண்டும். ஆகவே இலத்திரன் தடையைத் தாண்டாமலே ஊடுருவிச் சென்றது, குவாண்டம் விதி மட்டுமே இதை அனுமதிக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். நொதியங்களில் ஐதரசனும் அவ்வாறு ஊடுருவுகிறது என்பதற்கு 1989 இல் ஜூடித் கிளின்மனின் குழு மதுவத்தின் நொதியமொன்றில் சான்று கண்டது. நமது கண்ணின் கோல் கலம் ஒரே ஒரு போட்டனுக்குக்கூட, அதாவது ஒளியின் ஒற்றைத் துகளுக்குக்கூட, துலங்கும் என்பது 1942 இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகியோர் செய்த பரிசோதனையிலிருந்து வந்த முடிவு.

இரண்டாம் பகுதி, வாதம் நடக்கும் இடம். பச்சைக் கந்தகப் பற்றீரியாவின் ஒளிபிடிக்கும் புரதத்தில் குவாண்டம் ஒத்திசைவு, அதாவது சக்தி பல மூலக்கூறுகளில் ஒரே அலைபோல் இசைந்து நிற்கும் நிலை, நீடிக்கிறது என்ற 2007 ஆம் ஆண்டின் ஆய்வு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அது 77 கெல்வினில், அதாவது ஏறத்தாழ மறை 196 பாகை செல்சியசில் செய்யப்பட்டது. அதற்குச் சான்றாகக் காட்டிய துடிப்புகள் பெரும்பாலும் மூலக்கூற்று அதிர்வுகளால் வந்தவை, இலத்திரன்களின் ஒத்திசைவு அவ்வளவு நேரம் நிலைக்காது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2020 இல் பல ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய மீளாய்வும் அதையே சொல்கிறது. இணையத்தில் கிடைக்கும் பொதுவாசகக் கட்டுரைகளில் பல 2007 உடன் நின்றுவிடுகின்றன. நீங்கள் 2020 வரை வந்தீர்களானால் நடுவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

மூன்றாம் பகுதியில் சான்று மெலிந்தவை வரும். மூக்கு இலத்திரன் ஊடுருவல்மூலம் மூலக்கூறுகளின் அதிர்வை "உணர்கிறது" என்று 1996 இல் லூக்கா டூரின் முன்வைத்த கருத்து கடுமையாக மறுக்கப்பட்டுள்ளது. நனவுநிலை மூளைக் கலங்களுக்குள் நடக்கும் குவாண்டம் செயலால் வருகிறது என்று பென்ரோசும் ஹமரோவும் சொல்லும் கருத்தும் இங்கேதான் வரும். மூளையின் வெப்பத்தில் அத்தகைய குவாண்டம் நிலைகள் ஒரு செக்கனின் பத்து இலட்சங்கோடியில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது என்று 2000 இல் மக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். முதன்முறை எழுதுவோர் பெரும்பாலும் ஓடிப்போய் நிற்பது இந்த மூன்றாம் பகுதியில்தான். மனம், ஆன்மா, பிரபஞ்சம் என்று எழுதக் கை துடிக்கும். தயவுசெய்து முதற் கட்டுரையில் அங்கே போகாதீர்கள்.

இன்னொன்று. "எல்லா அணுவும் குவாண்டம் விதிக்கு உட்பட்டது, ஆகவே உயிரும் குவாண்டமே" என்ற வாதம் பிழையல்ல. ஆனால் அது ஒரு கல்லுக்கும் பொருந்தும். உயிர்ச் செயலொன்றைப் பழைய பௌதிகவியலால் மட்டும் விளக்கப் போனால் எந்த இடத்தில் அது முறிகிறது என்று காட்டவேண்டும். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் காதை வைத்துக் கேட்கும் பாடுமீனின் ஒலி நெஞ்சை அள்ளுவது. ஆனால் நீருக்குள் செல்லும் ஒலியலையை விளக்கக் குவாண்டம் தேவையில்லை. வியப்பு ஒன்று, குவாண்டம் வேறொன்று.

மூன்றாம் படி: நமது மண்ணிலிருந்து ஒரு கேள்வி

நடுவர்களின் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பல ஒரே உதாரணங்களைச் சுற்றிவரும். வேறுபட நிற்பதற்கு, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கேளுங்கள். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்துகாட்டுகிறேன்.

ஐரோப்பிய ரொபின் பறவை புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசையறிகிறது. எப்படி? 1978 இல் கிளாஸ் ஷுல்டன் குழு ஒரு கருத்தை முன்வைத்தது; 2000 இல் ரிட்ஸ் குழு அதைக் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தோடு இணைத்தது. ஒளி பட்டவுடன் அந்தப் புரதத்துக்குள் ஓர் இலத்திரன் இடம் மாறுகிறது. சோடியில்லாத இரண்டு இலத்திரன்கள் தனித்தனியே நிற்கின்றன. இதுவே மூலிகச் சோடி. நீங்கள் இரசாயனவியலில் படித்த கறங்கல், அதாவது இலத்திரனைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் பண்பு, இங்கே வேலை செய்கிறது. இரண்டின் கறங்கல்களும் ஒரு சேர்க்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போகின்றன. அந்த மாற்றத்தைப் புவியின் புலம் சற்றே திருத்துகிறது. அதனால் தாக்கத்தின் விளைபொருளின் அளவு, பறவையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

இந்தத் திசையறிகருவி வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் வேறுபாடு அறியாது. புலக்கோடு தரையோடு அமைக்கும் சாய்வை மட்டுமே அது பார்க்கிறது என்பதை 1972 இல் வில்ச்கோ தம்பதியர் காட்டினார்கள். ஐரோப்பாவில் புலக்கோடு பெரிய சாய்வோடு தரைக்குள் இறங்குவதால் எந்தப் பக்கம் துருவம், எந்தப் பக்கம் மத்தியகோடு என்று பறவைக்குத் தெரிந்துவிடும்.

இனி மட்டக்களப்புக்கு வாருங்கள். காந்த மத்தியகோடு, அதாவது புவியின் புலக்கோடுகள் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, தென்னிந்தியாவின் முனையை அண்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963 இல் ரொக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே முக்கிய காரணம். ஆகவே நமது மண்ணில் காந்தப் புலக்கோடு ஏறத்தாழக் கிடையாகக் கிடக்கிறது. சாய்வே இல்லாத இடத்தில், சாய்வைப் பார்த்து நடக்கும் கருவி என்ன சொல்லும்? வடக்கு தெற்கு என்ற அச்சு தெரியலாம். அந்த அச்சில் எந்தப் பக்கம் துருவம் என்று தெரியாது. அம்பாறை மாவட்டத்தின் குமணவுக்கும் நமது வாவிகளுக்கும் ஒவ்வோர் ஆண்டும் வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து வருகின்றன. அவை பயணத்தின் கடைசிப் பகுதியில் எதை நம்புகின்றன?

பாருங்கள், எவ்வளவு நல்ல கேள்வி! ஐரோப்பாவில் இருப்பவருக்கு எளிதில் தோன்றாதது. இதில் ஓர் எல்லையைக் கண்டிப்பாகக் காக்கவேண்டும். குமணவில் இறங்கும் கரையோரப் பறவை ரொபினைப் போல மூலிகச் சோடியைப் பயன்படுத்துகிறது என்று எழுதக்கூடாது. "அப்படி இருந்தால் இந்த இடத்தில் இன்னது நடக்கவேண்டும், அதை இப்படிச் சோதிக்கலாம்" என்றே எழுதவேண்டும். ஐரோப்பாவின் தோட்டக் கதிர்க்குருவிகளைக் கிடையான புலத்தில் சிலகாலம் வைத்த பின்னர் அவை திசையை மாற்றிக்கொண்டன என்ற பரிசோதனை உண்டு. உங்கள் வாதத்துக்கு அது நல்ல துணை.

மண்ணின் பொருளை எடுத்துக் கணக்கால் ஆராய்வது நமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் யாழை அப்படித்தான் அணுகினார்.

நான்காம் படி: இரண்டு கணக்காவது செய்யுங்கள்

அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், வெப்ப அசைவின் சக்தி ஏறத்தாழ 0.026 இலத்திரன்வோல்ட். போல்ற்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் இது கிடைக்கும். 680 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியின் ஒரு போட்டனுக்கு 1.8 இலத்திரன்வோல்ட். பிளாங்கின் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள். வெப்பத்தைவிட இது ஏறத்தாழ 70 மடங்கு. ஆகவே ஓர் இலை ஒளியைப் பிடிக்கும்போது வெப்பம் அதைக் குழப்பிவிடுவதில்லை.

இப்போது பறவைக்கு வருவோம். புவியின் புலம் ஏறத்தாழ 50 மைக்ரோதெசுலா என்று எடுங்கள். அந்தப் புலத்தில் ஓர் இலத்திரனின் காந்தச் சக்தி ஓர் இலத்திரன்வோல்டின் நூறு கோடியில் மூன்று பங்கு அளவே. வெப்ப அசைவு அதைவிட ஏறத்தாழ 90 இலட்சம் மடங்கு பெரியது. இவ்வளவு சிறிய சக்தி எப்படி ஒரு பறவையைத் திருப்பும்? இங்கே நின்று எழுதுங்கள், உங்கள் கட்டுரையின் உயிர் இதுதான். புலம் எதையும் தள்ளவேண்டியதில்லை. தாக்கத்துக்கான சக்தியை ஒளி முன்னரே கொடுத்துவிட்டது. மூலிகச் சோடி வெப்பச் சமநிலைக்கு வருமுன்பே தாக்கம் முடிந்துவிடுகிறது. கறங்கல் சூழலின் அசைவோடு மிக மெலிதாகவே பிணைந்திருப்பதால் அந்தக் குறுகிய நேரத்துக்கு அது கலையாமல் நிற்கும். மலையுச்சியில் ஏற்கெனவே நிற்கும் கல்லை எந்தப் பக்கம் உருட்டுவது என்று ஒரு விரல் தீர்மானிப்பதைப் போன்றது இது.

இதற்கு எதிரான பக்கத்தையும் வையுங்கள். ரொபினின் கிரிப்டோகுரோம் 4 புரதம் காந்தப்புலத்துக்குத் துலங்குவதை 2021 இல் காட்டினார்கள். ஆனால் அது பறவைக்கு வெளியே, ஆய்வுகூடத்தில், புவியின் புலத்தைவிட மிக வலிய புலத்தில். உயிருள்ள பறவையின் கண்ணில் இதுவே நடக்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

ஐந்தாம் படி: எழுதுதல்

தமிழில் சிந்தித்துத் தமிழிலேயே முதல் வரைவை எழுதுங்கள், போட்டி ஆங்கிலத்தில் இருந்தாலும். வாதம் சரியாக நிற்கிறதா என்பது தாய்மொழியில் உடனே தெரியும். பிறகு ஆங்கிலத்தில் குறுகிய வாக்கியங்களாக மீண்டும் எழுதுங்கள்.

"உயிர் என்றால் என்ன?" என்று 1943 இல் டப்ளினில் பௌதிகவியலாளர் ஷ்ரோடிங்கர் ஆற்றிய உரைகளோடு தொடங்காதீர்கள். சிறந்த உரைகள்தாம், ஆனால் இந்தத் துறையில் எழுதுவோருக்கு அது வழக்கமான வாசல், நடுவர்கள் அலுத்திருப்பார்கள். உங்கள் கேள்வியோடு தொடங்குங்கள். "என் கருத்து பிழையென்றால் எந்தப் பரிசோதனை அதைக் காட்டும்?" என்பதற்குக் கட்டுரைக்குள் ஒரு பந்தி கட்டாயம் இருக்கட்டும். மெகாஹேட்ஸ் மீடிறனுள்ள மெலிந்த அலைகள் ரொபினின் திசையறிவைக் குலைத்தன என்ற 2004 ஆம் ஆண்டுப் பரிசோதனையை வாசித்தால், அத்தகைய சோதனை எப்படி அமையும் என்று விளங்கும்.

ஒவ்வோர் எண்ணையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே கொப்பியில் குறியுங்கள். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

ஆறாம் படி: இருவரிடம் கொடுங்கள்

ஒருவர் உயிரியல் ஆசிரியர், மற்றவர் பௌதிகவியல் ஆசிரியர். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் மற்றப் பக்கத்துப் பிழை தப்பிவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. "சேர், இந்தக் கணக்கு சரியா?" என்று ஒரு பக்கத்தோடு மரியாதையாகக் கேட்கும் மாணவரை நல்ல விரிவுரையாளர் திருப்பி அனுப்பமாட்டார். முழுக் கட்டுரையையும் நீட்டாதீர்கள். சந்தேகமுள்ள பகுதியை மட்டும் கொடுங்கள்.

ஏழாம் படி: அனுப்புதல்

முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னரே அனுப்புங்கள். கோப்பைப் பி.டி.எப். ஆக மாற்றியபின் வேறொரு தொலைபேசியில் திறந்து பார்த்து, எழுத்துருவும் சமன்பாடுகளும் குலையாமல் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். கிடைத்ததாக வரும் மின்னஞ்சலைச் சேமித்துவையுங்கள். வராவிட்டால் மறுநாளே அமைப்பாளர்களுக்கு இரண்டு வரியில் எழுதிக் கேளுங்கள்.

வேறெங்கும் வெளியாகாத கட்டுரையாக இருக்கவேண்டும் என்ற விதி இருந்தால், முடிவு அறிவிக்கப்படும்வரை பாடசாலைச் சஞ்சிகைக்கும் கொடுக்காதீர்கள். அறிவிக்கப்பட்ட பின்னர், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தத் தமிழ் வரைவைச் செம்மைப்படுத்தி உங்கள் பாடசாலைச் சஞ்சிகைக்குக் கொடுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் தமிழில் வாசிக்க ஒன்று இருக்கும்.