முதலில் அணைக்கரை, பிறகு காடு, அதன்பின் மூர்: பீக் டிஸ்ட்ரிக்டில் குழந்தைகளோடு நடக்க

மான்செஸ்டருக்கோ ஷெஃபீல்டுக்கோ புதிதாக வந்திருக்கிறீர்கள். வீடு கிடைத்து, குழந்தைக்குப் பள்ளியும் கிடைத்துவிட்டது என்றால் அடுத்த சனிக்கிழமையை வெளியே நடப்பதற்கு ஒதுக்குங்கள். இரு நகரங்களுக்கும் நடுவில் பீக் டிஸ்ட்ரிக்ட் பரந்து கிடக்கிறது. 1951இல் அறிவிக்கப்பட்ட, பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அது. இரு நகரங்களையும் இணைக்கும் ஹோப் வேலி ரயில் அதன் ஊடாகவே போகிறது. ஈடேல், ஹோப், பாம்ஃபர்ட், ஹேதர்சேஜ், கிரிண்டில்ஃபர்ட் என்று எந்த நிலையத்தில் இறங்கினாலும் சற்று நேரத்தில் வயல்வெளிக்கு வந்துவிடலாம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. 15 வயது வரை அரை டிக்கெட்.

புதிதாக வரும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது தூரத்தையோ குளிரையோ பற்றி இல்லை. "அது யாரோ ஒருவருடைய நிலமாயிற்றே, நாம் போகலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். போகலாம். 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று பலகை இருக்கும் பாதை ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தின் நடுவே போனாலும், அதில் நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு. நீல அம்புக்குறிப் பாதையில் குதிரையும் சைக்கிளும் வரும்.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, இதே பகுதியில் வேட்டைக்காக மூடி வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டின்மேல் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. ருமேனியாவிலிருந்து மான்செஸ்டருக்குக் குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை. பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் மகன் சிறை சென்று கேட்ட உரிமை இது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மூர் எனப்படும் மரமற்ற மேட்டுநிலங்களில் பெரும்பகுதியை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. தயங்காமல் போங்கள்.

முதல் நடைக்கு நான் எப்போதும் சொல்வது அப்பர் டெர்வென்ட் பள்ளத்தாக்கு. ஹௌடன், டெர்வென்ட், லேடிபவர் என்று மூன்று நீர்த்தேக்கங்கள் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கார் இருந்தால் ஃபேர்ஹோம்ஸ் வரை போய்விடுங்கள். வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. கழிப்பறையும் தேநீரும் அங்கேயே இருக்கின்றன. அதைத் தாண்டினால் கழிப்பறை கிடையாது என்பதால் குழந்தைகளை முதலிலேயே அழைத்துப் போய்விடுங்கள். ரயிலில் வருபவர்கள் பாம்ஃபர்டில் இறங்கி, அணைகளுக்குக் கல் சுமந்து வந்த பழைய ரயில் தடமான தார்ன்ஹில் டிரெயிலைப் பிடித்து லேடிபவர் அணைக்கு நடந்து வரலாம்.

ஃபேர்ஹோம்ஸிலிருந்து சில நிமிடங்களில் டெர்வென்ட் அணையின் அடிவாரம் வந்துவிடும். 1916இல் முடிந்த கல் அணை. இரு பக்கமும் கோட்டை போலக் கோபுரங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அணையின் உச்சியிலிருந்து வெள்ளைத் திரையாக வழியும்போது குழந்தைகள் வாய் பேசாமல் நிற்பார்கள். 1943இல் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் புறப்படுமுன் பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் பிரிவு தாழப் பறந்து பயிற்சி எடுத்தது இந்த நீருக்கு மேல்தான். கிழக்குக் கரையில் ஏறிவிட்டால் அகலமான தடம், மேடு பள்ளம் குறைவு, சக்கரம் பெரிதாக இருந்தால் தள்ளுவண்டிகூடப் போகும். மேல் இரண்டு நீர்த்தேக்கங்களையும் முழுதாகச் சுற்றினால் 10 மைல் ஆகும். சிறு பிள்ளைகளோடு அது வேண்டாம். முக்கால் மணி நேரம் போய், சாப்பிட்டு, அதே வழியில் திரும்புங்கள்.

லேடிபவர் நிரம்பியபோது டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் மூழ்கின. டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் சில காலம் நீருக்கு மேல் நின்றது. 1947இல் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் வீட்டுச் சுவர்களின் எச்சங்கள் சேற்றிலிருந்து எட்டிப் பார்த்தன. மேட்டூர் அணையில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கரையில் நிற்பது சற்றுக் கனமாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். நீர்த்தேக்கத்தில் இறங்கக் கூடாது. நம் ஊர்க் கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்கு வெயில் நாளில் ஆசை வரும். மேலே இதமாகத் தோன்றும் தண்ணீர் அடியில் கடுங்குளிராக இருக்கும். உடல் அதிர்ந்து மூச்சு இழுத்துக்கொள்ளும், கை கால் செயலிழக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே அது கொண்டுபோய்விடுகிறது.

பிள்ளைகள் தண்ணீரில் அளைய வேண்டுமென்றால் இரண்டாம் நடைக்குப் பேட்லி கார்ஜ் என்ற காட்டுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். கிரிண்டில்ஃபர்ட் நிலையத்தின் அருகிலேயே காடு தொடங்குகிறது. பாசி படர்ந்த பாறைகளும் முறுக்கிக்கொண்ட பழைய ஓக் மரங்களுமாக, இடப்புறமும் வலப்புறமும் பச்சையைத் தவிர வேறெதுவும் தெரியாது. வேர்கள் நிறைந்த ஏற்றம் என்பதால் தள்ளுவண்டி உதவாது; கைக்குழந்தையைக் கட்டித்தான் தூக்க வேண்டும். மேலே காடு விலகும் இடத்தில் பர்பேஜ் ஓடை ஆழமின்றிப் பரவி ஓடுகிறது. கோடையில் அங்கே எல்லா நாட்டுக் குழந்தைகளும் கால் நனைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஓடை பிறக்கும் இடம்தான் மூர். மரமற்ற மேட்டுநிலம், ஹெதர் புதர், காலடியில் செடிகள் மட்கிச் சேர்ந்து கறுப்பாக ஊறிய பீட் மண், ஓயாத காற்று. மூன்றாம் நடையாக பர்பேஜ் பள்ளத்தாக்கின் அகலமான தடத்தில் நடந்து பாருங்கள். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மேடு முழுக்க ஊதா நிறமாகிவிடும். கோடையின் நடுவில் பில்பெரி பழுக்கும். நாவல்பழம் தின்றதுபோல் பிள்ளைகளின் நாக்கு நீலமாகும். மார்ச் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் முட்டையிடுவதால் பாதையை விட்டு விலகாதீர்கள். நெருப்பு மூட்டவே கூடாது, பார்பிக்யூ உட்பட. பீட் மண்ணுக்குள் இறங்கிய தீ நாள்கணக்கில் புகையும். 2018இல் சேடில்வொர்த் மூர் எரிந்தபோது வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது.

உடை விஷயத்தில் எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் வருடம் மே மாதம் நல்ல வெயிலில் மகளை ஜீன்ஸ் போட்டு அழைத்துப் போனேன். ஒரு மணி நேர மழையில் துணி ஈரமாகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. காருக்கு வந்து சேரும்வரை அவள் உதடு நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு அணியும் பாலியெஸ்டர் சட்டை, மேலே ஃபிளீஸ், அதற்கும் மேலே மழை புகாத கோட்டு போதும். விலையுயர்ந்த பூட்ஸ் அவசியமில்லை; அடிப்பகுதி வழுக்காமல் இருந்தால் சரி. ஒரு ஜோடி மாற்றுக் காலுறையை மட்டும் மறக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் போல எதுவும் வராது. கெடாது, கசியாது, குளிர்ந்தாலும் ருசிக்கும். ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டு போங்கள். எதிரே வருபவர்கள் "மார்னிங்" என்பார்கள், திருப்பிச் சொல்லுங்கள். வழியில் வயல் வேலிகளில் மூடியிருந்த கதவை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு அருகில் போகாமல் சுற்றி வாருங்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பிறகு சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளத்தாக்கில் பல இடங்களில் தொலைபேசி சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கி வையுங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, 'மவுண்டன் ரெஸ்க்யூ' வேண்டும் என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள், விசாவும் கேட்க மாட்டார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தில் ஒரு மணிக்கே திரும்பத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் திரும்பும் ரயில் நேரத்தை, வீட்டில் செருப்பு மாட்டுவதற்கு முன்பே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.