‘லைன்’ என்ற சொல்லைக் கையாளும் முறை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பழகிவிடுகிறது. தோட்டத்துரைமார் ஒரே கூரையின் கீழ் நிரையாகக் கட்டிய காம்பராக்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் அறைகளுக்கு, வைத்த அந்தப் பெயரே நம் வாயில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. இசையின் லயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலம் எழுதும்போது இந்த நெருக்கமே நம்மைத் தடுமாற வைக்கிறது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி, அப்பா வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல நினைத்து, ‘மை ஃபாதர் இஸ் இன் தி லைன்’ என்று எழுதிக் காட்டினாள். ஹட்டனில் உள்ளவருக்கு அது விளங்கிவிடும். தோட்டத்தை அறியாதவரோ அவர் ஏதோ வரிசையில் நிற்கிறார் என்றே எண்ணுவார். ஆகவே குடியிருப்பைக் குறிக்கும்போது ‘லைன் ரூம்’ என்று இரு சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

இச்சொல்லின் வேர் ‘லீனியா’ என்ற லத்தீன் சொல். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல் என்பது அதன் பொருள். மேசன் நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதை மனத்தில் வைத்துக்கொண்டால், கோடு, எழுத்தின் வரி, கவிதையின் அடி, ஆட்களின் வரிசை, புகையிரதப் பாதை, தொலைபேசித் தொடர்பு ஆகிய பொருள்கள் எல்லாம் அந்த ஒரே நூலிலிருந்து பிரிந்தவை என்பது புலப்படும். 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய நம் மலைப்பாதையின் பெயரும் ‘மெயின் லைன்’தான்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை அருகில் நிற்கும் சிறு சொற்களே தீர்மானிக்கின்றன. மாணவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். ‘இன் லைன்’ என்றால் வரிசையில் என்று பொருள். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நாம் அதற்குக் ‘கியூ’ என்பதையே பயன்படுத்துவது நல்லது. அதனுடன் ‘வித்’ சேர்ந்து ‘இன் லைன் வித் தி ரூல்ஸ்’ என்று வந்தால், விதிகளுக்கு அமைய என்று பொருள் மாறிவிடும். ‘ஆன் தி லைன்’ என்பது தொலைபேசியில் ஒருவர் காத்திருப்பதைச் சொல்லும்; ஆனால் ‘ஹிஸ் ஜொப் இஸ் ஆன் தி லைன்’ என்றால் அவருடைய வேலைக்கு ஆபத்து. ‘அவுட் ஆஃப் லைன்’ என்பது வரம்பு மீறிய பேச்சையும் நடத்தையையும் குறிக்கும். ‘ட்ரொப் மீ எ லைன்’ என்று யாராவது சொன்னால், இரண்டு வரி எழுதிப் போடச் சொல்கிறார்.

வினைச்சொல்லாக வரும்போது ஒரு கவனம் வேண்டும். பெக்டரிக்குப் போகும் வீதியின் இருமருங்கும் மரங்கள் நிற்பதை ‘ட்ரீஸ் லைன் தி ரோட்’ என்று எழுத வேண்டும். ‘லைன்’ என்பதற்கும் ‘ரோட்’ என்பதற்கும் இடையே ‘இன்’, ‘ஆன்’ எதுவும் வராது.