24 ஃபிரேம் டைம்கோடை 25-க்கும் 23.976-க்கும் 29.97-க்கும் மாற்றுவது எப்படி?

தமிழ்ப் படம் வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகத்தில் தயாராகிறது. டிவிக்கு 25-ல் மாஸ்டர் (இறுதிப் பிரதி) கேட்பார்கள், ஓடிடிக்கு 23.976 கேட்கலாம், அமெரிக்க ஒளிபரப்பு என்றால் 29.97. படத்தை மாற்றுவதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். சப்டைட்டில், இடிஎல் (ஷாட்டுகளின் எடிட் பட்டியல்), க்யூ ஷீட் (இசை, ஒலி வரும் இடங்களின் பட்டியல்), சென்சார் கட் பட்டியல் ஆகியவற்றில் மணி:நிமிடம்:வினாடி:ஃபிரேம் என்று எழுதியிருக்கும் டைம்கோடுகளை நாம்தான் மாற்ற வேண்டும்.

கால்குலேட்டரைத் தொடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: மாறாமல் இருப்பது ஃபிரேம் எண்ணிக்கையா, ஓடும் நேரமா? 24-ஐ அப்படியே 25-ல் ஓட்டினால் ஃபிரேம்கள் அதேதான், ஆனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தாமல் விட்டால் சுருதியும் ஏறத்தாழ 0.7 செமிடோன் ஏறும். வினாடிக்கு ஒரு ஃபிரேம் கூடுதலாகச் சேர்த்திருந்தால் நேரம் அதே, எண்ணிக்கைதான் கூடும். யாரும் சொல்லவில்லையா? புது மாஸ்டரின் நீளத்தைப் பாருங்கள். 4 சதவீதம் குறைந்திருந்தால் வேகம் ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரு கட் 01:42:10:18-ல் இருக்கிறது, படம் 01:00:00:00-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தொடக்கத்தைக் கழியுங்கள்: 00:42:10:18. அது 2530 வினாடி, 18 ஃபிரேம். 2530-ஐ 24-ஆல் பெருக்கி 18 கூட்டினால் 60738 ஃபிரேம். வேகம் ஏற்றிய மாஸ்டர் என்றால் இதை 25-ஆல் வகுக்க வேண்டும்: ஈவு 2429 வினாடி, மீதி 13. அதாவது 00:40:29:13. தொடக்கத்தைத் திரும்பக் கூட்டினால் 01:40:29:13. நேரம் மாறாத மாஸ்டர் என்றால் 60738-ஐ 25/24-ஆல் பெருக்குங்கள். 63268.75 வரும், 63269 என்று முழுமையாக்கினால் 01:42:10:19.

அதிகம் பேர் தவறுவது அந்தக் கழித்தலில்தான். தொடக்கத்தைக் கழிக்காமல் இதே கணக்கைப் போட்டால் 01:38:05:13 வரும். சரியாக 144 வினாடி பிசகு, ஏனென்றால் படத்தில் இல்லாத ஒரு மணி நேரத்தையும் சேர்த்துச் சுருக்கிவிட்டோம். ரீல் ரீலாக வேலை செய்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாம் ரீல் 03:00:00:00-ல் தொடங்கும், கழிக்க வேண்டியது மூன்று மணி நேரம்.

முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள். ஷாட் தொடங்கும் இன், முடியும் அவுட் இரண்டையும் தனித்தனியே மாற்றுங்கள். கால அளவை மாற்றி இன்னோடு கூட்டினால் அடுத்தடுத்த ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு ஃபிரேம் ஓட்டை விழும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடிஎல்லை வைத்து கேமரா ஃபைல்களோடு மறுபடி கன்ஃபார்ம் செய்வதாக (ஒரிஜினல் ஷாட்டுகளோடு பொருத்துவதாக) இருந்தால் சோர்ஸ் டைம்கோடைத் தொடவே கூடாது. அது கேமராவில் பதிந்த எண். ரெக்கார்டு பக்கத்தை, அதாவது படத்தில் ஷாட் வரும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

23.976-க்குப் போகும்போது ஒரு குழப்பம் வரும். ஃபிரேம்கள் அதேதான், எண்ணுவதும் 24 வரைதான். ஆகவே டைம்கோடு எண் ஒன்றுகூட மாறாது. மாறுவது கடிகார நேரம், மணிக்கு 3.6 வினாடி நீளும். எஸ்ஆர்டி சப்டைட்டில் கடிகார நேரத்தில் எழுதப்படுவதால் அதை மட்டும் 1.001-ஆல் பெருக்க வேண்டும். ஆடியோவையும் அதே அளவு நீட்ட வேண்டும். விட்டுவிட்டால் 42 வினாடிக்கு ஏறத்தாழ ஒரு ஃபிரேம் நழுவி, இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் சிங்க் 9 வினாடி விலகியிருக்கும். (வேகம் ஏற்றிய 25 மாஸ்டருக்கு எஸ்ஆர்டியை 0.96-ஆல் பெருக்கினால் போதும்.)

29.97-ல் ட்ராப் ஃபிரேம் என்பது படத்தில் எதையும் வெட்டுவதில்லை. பத்தால் வகுபடாத ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். 00:00:59;29-க்கு அடுத்தது 00:01:00;02. மணிக்கு 108 எண்கள் போக 107892 மிஞ்சும்.

23.976-ல் ஒரு மணி நேர டைம்கோடு என்றால் 86400 ஃபிரேம். அதை 29.97-க்கு மாற்றும் புல்டவுன் முறையில் நான்கு ஃபிரேம் ஐந்தாகும், ஆக 108000. அதைப் பத்து நிமிடத்துக்குரிய 17982-ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 108. ஈவு ஒவ்வொன்றுக்கும் 18 எண் கூட்டுங்கள்: 108108. மீதி 1800 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதில் 2 கழித்து 1798-ஆல் வகுத்து, வரும் ஈவின் இரு மடங்கையும் கூட்ட வேண்டும், இங்கே தேவையில்லை. 30-ஆல் வகுத்தால் 01:00:03;18.

பட்டியல் ட்ராப்பா, நான்-ட்ராப்பா (எண் எதையும் தாண்டாததா) என்று தெரியாவிட்டால் ட்ராப்பைக் காட்டும் அரைப்புள்ளியை (;) மட்டும் நம்பாதீர்கள், சில சாஃப்ட்வேர்கள் எல்லாவற்றையும் முக்காற்புள்ளியாக்கிவிடும். 00:07:00:01 போன்ற ஓர் எண் எங்காவது கண்ணில் பட்டால் அது நான்-ட்ராப். ட்ராப்பில் அந்த எண்ணே கிடையாது.

மாற்றி முடித்ததும் முதல் கட், நடுவில் ஒன்று, கடைசிக் கட் மூன்றையும் படத்தோடு வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் தொடக்க டைம்கோடு தப்பு. போகப்போகக் கூடினால் ரேட் தப்பு. மணிக்கு 3.6 வினாடி என்ற கணக்கில் கூடினால் ட்ராப், நான்-ட்ராப் குழப்பமாகவும் இருக்கலாம், 24-க்கும் 23.976-க்கும் நடுவிலான குழப்பமாகவும் இருக்கலாம். விலகல் சீராகக் கூடாமல் நிமிடம் திரும்பும் இடத்தில் இரண்டு இரண்டு ஃபிரேமாகக் குதித்தால் அது ட்ராப் பிரச்சினைதான்.