மோரும் நெய்யும் ஒளிந்திருக்கும் இடங்கள்: பால் ஒவ்வாமை வந்த வீட்டுக்கு ஒரு கையேடு

பால் ஒவ்வாமை என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நிற்பது டம்ளர் பாலும் தயிர்சாதமும்தான். அது சுலபமான பாதி. நம் சமையலில் பால் பாலாகவே வருவது குறைவு. வற்றலை ஊறவைத்த மோராக, தாளித்த நெய்யாக, தயிர்க் கரண்டியில் ஒட்டிய ஈரமாக வருவதே அதிகம். எல்லாம் நிறுத்தியும் தடிப்பு வருகிறது என்று சொல்லும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கும்.

முதலில், எது என்று உறுதி செய்யுங்கள்

பால் ஒத்துக்கொள்ளாமை இரண்டு வகை. லாக்டோஸ் செரிக்காதவருக்குப் பாலிலுள்ள சர்க்கரைதான் தொல்லை. வயிறு உப்பும், வாயு சேரும், பேதியாகும். உயிருக்கு ஆபத்து இல்லை. கொஞ்சம் தயிரோ நெய்யோ பலருக்குத் தாங்கும். ஒவ்வாமை என்பது பாலின் புரதங்களான கேசின், வே ஆகியவற்றை உடலின் எதிர்ப்பு மண்டலம் பகையாக எடுத்துக்கொள்வது. இதில் துளியும் கணக்கில் வரும். லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருப்பதால் ஒவ்வாமைக்காரருக்கு அது உதவாது. கேசினில் ஒரு வகை மட்டும் வேறாக இருக்கும் ஏ2 பாலும் உதவாது. ஆட்டுப்பால், எருமைப்பாலின் புரதங்கள் பசும்பாலின் புரதத்தைப் போலவே இருப்பதால், பசும்பால் ஒவ்வாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒவ்வாது. நன்றாகக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்பதும் தவறு. கேசின் சூட்டைத் தாங்கும்.

தோல் குத்துச் சோதனையிலோ, ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையிலோ பாசிட்டிவ் வந்தால் மட்டும் ஒவ்வாமை உறுதியாகிவிடாது. சாப்பிட்ட பின் என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்ற விவரத்தோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். அதனால் சாப்பிட்ட நேரம், பொருள், அளவு, அறிகுறி தொடங்கிய நேரம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்துளியில் முடிவு தரும் ஐஜிஜி (இது வேறொரு எதிர்ப்புப் புரதம்) பரிசோதனைக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு பொருளைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. அதை நம்பிப் பத்துப் பொருளை நிறுத்திய குழந்தைகள் எடை குறைந்ததுதான் மிச்சமாகும்.

ஒளிந்திருக்கும் பால்

மோர் மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் சொல்வதில்லை. இரண்டையும் உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைப்பதே வழக்கம், கடையில் வாங்கும் பொட்டலமும் அப்படித்தான் இருக்கும். சில வீட்டுக் கூழ் வடகத்திலும் புளித்த மோர் சேரும். வாழைப்பூவும் வாழைத்தண்டும் கறுக்காமல் இருக்க நறுக்கியவுடன் மோர்த் தண்ணீரில் போடுகிறோம். பிழிந்து எடுத்தாலும் புரதம் காயில் தங்கும். அதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்தோ, ஒரு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தோ போட்டால் கறுப்பு அவ்வளவாக ஏறாது. வற்றலையும் புளித்தண்ணீரும் உப்பும் போட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மோரின் புளிப்பு வராது, ஆனால் வற்றக்குழம்பில் அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

ரவா தோசை மாவில் மோர், பிரியாணியிலும் சிக்கன் 65-இலும் தயிர், முறுக்கு மாவில் வெண்ணெய், கம்மங்கூழில் மோர், அதிரசம் தட்டும் கையில் நெய், லட்டு பிடிக்கும் கையில் நெய். பஞ்சாமிர்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் நெய். லேகியம் என்றால் நெய் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் அமுக்கரா கிழங்கைப் பாலில் அவித்துச் சுத்தி செய்யும் முறை உண்டு, சூரணம் வாங்கும்போது கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில பொடி மருந்துகளிலுள்ள லாக்டோஸில் பால்புரதம் துளியளவு இருக்கக்கூடும். அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நெய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டி இருக்கும் வீடுகளில் சண்டை இதில்தான் வரும். “நெய்யில என்னடா பால் இருக்கு, ஒரு சொட்டுதானே” என்பார். பாதி நியாயம் அவர் பக்கம் உண்டு: உருக்கும்போது பால்பகுதியில் பெரும்பங்கு அடியில் கசடாகத் தங்கிவிடுகிறது. ஆனால் முழுவதும் போவதில்லை. கசடைக் கரண்டியால் கலக்கிவிட்ட வீட்டு நெய்யில் இன்னும் அதிகம் இருக்கும். மருத்துவர் தெளிவாக அனுமதிக்காதவரை நெய்யும் பால்தான்.

பொட்டலத்தைப் படிப்பது

பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பாலும் நெய்யும் அதில் அடக்கம். வீகன் சின்னம் இருந்தால் பால் சேர்க்கவில்லை என்று பொருள், ஆனால் அதே எந்திரத்தில் பால் சாக்லேட் ஓடியிருக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் பொட்டலத்தில் தனியாக அறிவிக்க வேண்டும். முதலில் அந்த வரியைத் தேடி, பிறகு சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

கேசின், சோடியம் கேசினேட், வே பவுடர், மில்க் சாலிட்ஸ், லாக்டால்புமின், பட்டர் ஆயில், கோவா, மால்ட் பானப்பொடி எல்லாவற்றையும் பால் என்றே படியுங்கள். ‘நான்-டெய்ரி க்ரீமர்’ என்ற பெயரை நம்பாதீர்கள், பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கிறது. மறுபக்கம் கோகோ பட்டர், கால்சியம் லாக்டேட் இரண்டும் பாலல்ல. பெயரைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டாம். ஒரே பிஸ்கட்டை மாதாமாதம் வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். சேர்பொருள் மாறினாலும் உறையின் தோற்றம் மாறாமலே இருக்கலாம்.

பாத்திரமும் கரண்டியும்

சூடு பட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்து நெய் ரோஸ்ட் வார்த்த கல்லிலேயே அடுத்த தோசையை ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. ஒவ்வாமை உள்ளவருக்கென்று ஒரு தோசைக்கல், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி தனியாக வையுங்கள். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டினால் வேலைக்கு வருபவருக்கும் புரியும். மரக்கரண்டியும் மத்தும் பாலை உறிஞ்சி வைத்திருக்கும். எவர்சில்வரைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும், ஆனால் மோர்ப் பாத்திரம் தேய்த்த நாரையே பயன்படுத்தக் கூடாது. மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் லஸ்ஸி தங்கும், கழற்றிக் கழுவுங்கள். கைக்குச் சானிடைசர் போதாது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான்.

வீட்டில் எல்லோரும் பாலை விட வேண்டியதில்லை. அவருக்கானதை முதலில் சமைத்து, மூடி, மேல்தட்டில் வைத்துவிட்டுப் பிறகு பால் சமையலைத் தொடங்குங்கள். சாம்பாரை நல்லெண்ணெயில் தாளித்து இறக்குங்கள், நெய் வேண்டுபவர் இலையில் விட்டுக்கொள்ளட்டும்.

மாற்று

தேங்காய்ப்பால் நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சொதியும் யாழ்ப்பாணத்துச் சொதியும் மாட்டுப்பால் இல்லாமலே நிற்பவை. பாயசத்துக்கு இரண்டாம் பாலில் வேகவைத்து, வெல்லப்பாகை வடிகட்டிச் சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். மோர்க்குழம்புக்கு அரைத்த விழுதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பாலும் கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விடுங்கள். சாற்றைக் கொதிக்கும்போது விட்டால் கசக்கும்.

தயிருக்குச் சோயா ஓரளவு ஈடு கொடுக்கும், சோயா ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால் மட்டும். 100 கிராம் சோயாவை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, 700 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் வைத்துக் கிளறியபடி 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நுரை பொங்கும், அதைக் கொதி என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். வேகாத சோயா செரிக்காது, பச்சை வாடையும் போகாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 500 மில்லிக்கு ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். முதல் முறை நெகிழ்வாகத்தான் உறையும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டியாகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: உறைமோருக்கென்று மாட்டுத்தயிரில் ஒரு ஸ்பூன் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு ஸ்பூனில் செய்த வேலையெல்லாம் வீண்.

காபியில் சோயாப்பால் திரிவது டிகாக்‌ஷனின் புளிப்பால். பாலைத் தனியே சூடாக்கி, அதில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கடுங்காப்பிக்கும் சுக்குக் காப்பிக்கும் இந்தப் பாடு இல்லை.

பாலோடு போன சத்து

200 மில்லி பசும்பால் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் தரும். பெரியவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை. தேங்காய்ப்பாலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்குச் சற்று மேல், முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் 1000-க்கு மேல் உண்டு. ஆனால் ஒரு வேளைக் கூழுக்கு 30 கிராம் மாவுதான் போகும், கிடைப்பது சுமார் 110. முளைகட்டினால் உடலில் சேர்வது கூடும். பாலக்கீரையின் கால்சியத்தை அதிலுள்ள ஆக்சலேட் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை நம்ப வேண்டாம். முள்ளோடு தின்னும் நெத்திலி நல்ல வழி.

சைவக்காரருக்குப் பெரிய கவலை பி12. முட்டை, மீன், கறி இல்லாத வீட்டில் அது வருவது பால் வழியாக மட்டுமே. கீரை எவ்வளவு தின்றாலும் ஈடாகாது, மருத்துவர் சொல்லும் மாத்திரைதான் வழி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேங்காய்ப்பாலையோ அரிசிப்பாலையோ பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. புரதம் உடைத்த சிறப்புப் பால்மாவு இருக்கிறது, அதைக் குழந்தை மருத்துவர் எழுதித் தருவார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையென்றால் தாய் பாலை நிறுத்த வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

ஓட்டலிலும் பந்தியிலும்

“பால் ஒத்துக்காது” என்றால் காபியைத்தான் நினைப்பார்கள். “பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது, பட்டால் மூச்சு அடைக்கும்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பரோட்டா மாவில் பாலும், சாம்பார் தாளிப்பில் நெய்யும், தோசைக்கல்லில் வெண்ணெயும் சாதாரணம். எண்ணெய் தடவிய தட்டில் வெந்த இட்லி பெரும்பாலும் சரிவரும், பொடியில் நெய் குழைக்கச் சொல்லாத வரை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் பருப்புக்கு நெய் விட்ட கையாலேயே அடுத்ததை வைப்பார். சமையல்காரரிடம் முன்பே பேசி, தாளிக்காத சாம்பாரும் சாதமும் தனியாக எடுத்து வைக்கச் சொல்வதே நல்லது. பள்ளியில் வகுப்பாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாகக் குழந்தைக்குப் பிடித்ததை ஒரு டப்பாவில் ஆசிரியர் மேசையிலேயே வைத்துவிடலாம்.

தவறி உள்ளே போய்விட்டால்

தோலில் நாலு தடிப்பு மட்டும் என்றால் மருத்துவர் சொன்ன அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துக் கூடவே இருங்கள். குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, வாந்தி மேல் வாந்தி வந்தாலோ, குழந்தை வெளுத்துத் துவண்டாலோ மாத்திரையை நம்பி நேரத்தைப் போக்காதீர்கள். அப்போது வேண்டியது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. தானாகக் குத்திக்கொள்ளும் பேனா வகை பல ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் எடைக்கேற்ற அளவு, யார் போடுவது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 108-ஐ அழைத்துவிட்டுப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். சரியானதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும், ஏனென்றால் அடங்கியது மறுபடி கிளம்புவது உண்டு.

பால் ஒவ்வாமையுள்ள பல குழந்தைகள் வளர வளர அதிலிருந்து வெளிவருகிறார்கள். கேக்கில் நன்றாக வெந்த பாலை முதலில் தாங்கி, பிறகு படிப்படியாக மற்றவற்றையும் தாங்குவார்கள். ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை என்று வீட்டில் ஒரு ஸ்பூன் தயிர் கொடுத்துப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையை ஊசி கையருகே இருக்கும் மருத்துவமனையில், அளவு ஏற்றி ஏற்றி, மருத்துவர் கண்முன்னே செய்வார்கள். குழந்தைக்கு அதற்கான நேரம் வந்துவிட்டதா என்று ஆண்டுக்கொருமுறை கேளுங்கள்.